ஒளியைப் பிரித்துப் பார்த்தவள்

கோவில்பட்டியில் நான் கல்லூரி வாத்தியார். என் மனைவி வெளியூரில் ரேடியோ வானியல் ஆராய்ச்சி மாணவி. சில விண்மீன் திரள்களின் நடுவிலிருந்து பொருள் மெல்லிய தாரையாகப் பீய்ச்சி அடிக்கும். அதற்கு ஜெட் என்று பெயர். ரேடியோ வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். சாதாரண ஒளிப்படத்தில் சிக்குவது அபூர்வம். அவளுக்குச் சிக்கியிருந்தது. ஜெட் இருக்கும் அதே இடத்தில் ஒரு வெளிச்சக் கீற்று! ஆய்வேட்டின் உயிரே அதுதான். வழிகாட்டிப் பேராசிரியர் கட்டுரையை அனுப்பத் தயாராகிவிட்டார்.

தீபாவளிக்கு வந்தவள் அதிரசத்தைக் கடித்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீத்து லேசா சாஞ்சிருக்கு, பாருங்க. குறுக்க வேற திரள் நிக்குதோ என்னவோ."

கரிசல் காட்டில் நின்று பார்த்தால் பக்கத்து உடைமரமும் தூரத்துக் கழுகுமலையும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அந்த மாதிரி. ஒளியைப் பிரித்து நிறமாலை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜெட் என்றால் வழுவழுவென்று இருக்கும். திரள் என்றால் வாயுக்களின் கோடுகள் கூர்முனைகளாக முளைக்கும். அது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதையும் அவையே சொல்லிவிடும். மலைமேல் தொலைநோக்கியில் வேலை பார்த்த தோழியிடம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒனக்கு எதுக்குட்டி இந்த வேல?"

"நாளைக்கு வேற எவனாவது ஊதுவான். அதுக்கு நானே ஊதிட்டுப் போறேன்."

பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் பிரவுசிங் சென்டர். தோழி அனுப்பிய நிறமாலைப் படம் மேலிருந்து கீழே இழுத்து இழுத்து இறங்கியது. நான் செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். முதலில் வந்ததே ஒரு கூர்முனைதான். மீதி இறங்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கிட்டத்துத் திரள்தான்" என்றாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருஷக்கணக்கான உழைப்பு. வா, வீட்டுக்குப் போவோம் என்று நான் எழுந்தேன்.

அவளோ பேராசிரியருக்கு மெயில் தட்ட ஆரம்பித்தாள். இது ஜெட் இல்லை, கட்டுரையை நிறுத்திவிடுங்கள். என் பெண்டாட்டி என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அதோடு விட்டாளா? முன்பொரு காலத்தில் பேராசிரியருக்குப் பேர் வாங்கித் தந்ததும் இப்படியொரு கீற்றுதானாம். ரேடியோவோடு பொருந்துகிறதே, போதும் என்று யாரும் அதற்கு நிறமாலை எடுக்கவில்லையாம். அதையும் சோதிக்க அனுமதி கேட்டு மேலும் இரண்டு வரி சேர்த்தாள்.

"ஏட்டி, அவரு கையெழுத்து போடலன்னா ஒனக்குப் பட்டமே கிடையாது."

"அதான் வாசிச்சுப் பாருங்கங்கேன். மரியாதையாத்தான எழுதியிருக்கேன்?"

வாசித்தேன். ரொம்ப மரியாதையாகத்தான் இருந்தது. அனுப்பச் சொல்லி மௌஸை அவள் பக்கம் நகர்த்தினேன்.