உதடு சிரித்த நேரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓசூர் கம்ப்யூட்டர் சென்டரில் மூன்றே பேர்: பாடம் சொல்லும் மேடம், அறையைத் திறந்து மூடும் நான், கம்பெனி யூனிஃபார்மோடு வரும் லேத் ஆபரேட்டர்.

அந்த ஆபரேட்டரிடம் இருந்த, இறந்துபோன மகளின் ஒரே போட்டோ ஈரம் பட்டு முகம் பாதி அழிந்திருந்தது. மீதியை நினைவிலிருந்து கிராஃப் தாளில் புள்ளி வைத்து, அது திரையில் வர, காலையிலிருந்து ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எண் எண்ணாக அடித்துக்கொண்டிருந்தார்.

“உதடு மட்டும் கோணுதுங்க மேடம்.”

மேடம் காட்டிய வரியை மாற்றினார். திரையில் பிள்ளை சிரித்தது.

“கீழ சம்சாரம் நிக்குது, கூட்டியாரேன்!” என்று வெறுங்காலோடு ஓடினார். மேடமும் சாப்பிடப் போனார்.

அப்போது பார்த்து டியூப்லைட் மங்கி மங்கி எரிந்தது. ஏழாவதோடு நின்றவன் நான். மெஷின் புகைந்தால் இந்த வேலையும் போய்விடுமே என்று பதறி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

அந்தம்மா வந்து கறுத்த திரையைப் பார்த்தார். “எங்கங்க பாப்பா?”

“இன்னும் ஃப்ளாப்பியில ஏத்தலையே, எல்லாம் போச்சே” என்ற ஆபரேட்டர் என் தோளைத் தொட்டார். “விடுங்கண்ணா, கரண்ட் போனா நீங்க என்ன பண்ணுவீங்க?”

கரண்ட் போகவேயில்லை; அவர்கள் படியிறங்கிய பிறகுதான் மெயின் சுவிட்சைப் போட்டேன்.

அப்புறம் அவர் வரவேயில்லை. மணிக்கணக்கில் முன்கூட்டிக் கட்டியிருந்த காசில், நான் அணைத்ததால் மெஷின் ஓடாத நேரத்துக்கு அவருக்கு நான் தரவேண்டியது பதினைந்து ரூபாய்.