ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பார்த்தவள்

லவோன் ஹௌகன் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டாள். அது பிகு அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹெரன் ஃபால்ஸ் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும், ஓட்டல், மதுக்கடை, பள்ளிக்கூடச் சமையலறை என்று இருபத்தொன்பது வருடம் ஏறி இறங்கிச் சுகாதாரச் சோதனை போட்டவள். சாப்பாட்டைத் தொடும் கை அதற்கு முன் எதையெல்லாம் தொட்டது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகு தொண்டையில் எப்படி இறங்கும்?

அவள் சோதனை போடும் முறை ரொம்ப எளிது. சமையல் மேடையைப் பார்க்கவே மாட்டாள். அதை எல்லாரும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். சமையல்காரரிடம் நலம் விசாரித்துவிட்டு, "அந்த ஃபிரிட்ஜைக் கொஞ்சம் இழுங்க," என்பாள். அத்தோடு அவர் முகம் செத்துவிடும். பின்னால் எலிக் குடும்பம் இருக்கும், பச்சை பூத்த சீஸ் இருக்கும். ஒரு தடவை சமையல்காரரின் பல்செட் கிடந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து, ஏப்ரனில் துடைத்து, அங்கேயே மாட்டிக்கொண்டார். அன்றைக்கு லவோன் நெடுஞ்சாலையில் காரை ஓரங்கட்டி வாந்தி எடுத்தாள்.

புருஷன் ராண்டி தொண்ணூற்று நாலில் விட்டுவிட்டுப் போனான். "நீ மூஞ்சியச் சுளிக்கிற சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது," என்று சொல்லிவிட்டு, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கிற மரக்குடிசையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனான். லவோனுக்கு வருத்தம்தான். நல்ல குடிசை அது.

ஓய்வு பெற்றதும், பார்த்ததையெல்லாம் புத்தகமாக எழுதிவிடலாம் என்ற ஆசையில் எழுதுவோர் வட்டத்தில் சேர்ந்தாள். நூலகத்தின் கீழ்த்தளத்தில், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்குக் கூடுவார்கள். ஏழெட்டுப் பேர் வருவார்கள். கழுநீர் மாதிரி காப்பி இருக்கும். கடையில் வாங்கிய ஓட்ஸ் பிஸ்கட் ஒரு தட்டில் இருக்கும். எல்லாரும் இருமிய கையாலேயே அதை எடுத்துத் தின்பார்கள். லவோன் தன் காப்பியை வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டு போவாள்.

வட்டத்தை நடத்துகிறவர் வென்டல் ஓஸ்ட்பி, உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஏரியில் விடிவதைப் பற்றி நூற்றுப் பன்னிரண்டு கவிதைகள் எழுதியிருந்தார். நூற்றுப் பன்னிரண்டிலும் ஒரே ஏரி, ஒரே விடியல். வீடு விற்றுக்கொடுக்கும் தொழிலில் இருக்கும் ட்ரிஷ் ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். அதன் நாயகன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாக மாறும் போலீஸ்காரன். நாற்பத்தோராம் அத்தியாயத்திலும் அவனுக்குச் சட்டை கிழிந்துகொண்டே இருந்தது. இதையெல்லாம் கேட்டுவிட்டு, புளித்த பாலை முகர்ந்து பார்த்தால்கூட, "இதுல ஒரு துணிச்சல் இருக்கு," என்கிற கூட்டம் அது. லவோனுக்குக் குடலைப் புரட்டும். ஆனாலும் போவாள். செவ்வாய்க்கிழமைக்கு வேறு என்ன இருக்கிறது?

சுவரில் மூன்று விதிகளை பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார்கள். எழுதியவர் படித்து முடித்ததும் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் இருபது நிமிடம் பேசி, திருகி வைத்தால் நேரம் முடிந்ததும் அடிக்கிற, கோழி வடிவச் சமையல் மணி அடித்த பிறகுதான் பேசலாம். கருத்துச் சொல்கிறவர் முதலில் இரண்டு நல்லது சொல்ல வேண்டும், பிறகு ஒரு குறை. மூன்றாவது விதிதான் வென்டலுக்கு உயிர். எழுதியது நிஜமாக நடந்ததா என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. 'நீங்கள்' என்று சொல்லாமல் 'கதைசொல்லி' என்றுதான் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒருத்தியிடம், கதையில் குடித்துவிட்டு உதைக்கும் ஆள் உன் வீட்டுக்காரர்தானே என்று யாரோ கேட்டுவிட, அவள் அழுதுகொண்டு எழுந்து போனவள் திரும்பி வரவே இல்லை. அவள் வீட்டுக்காரர் இரும்புக்கடை வைத்திருந்தார். ஊரில் ஆணி வாங்க வேறு கடை கிடையாது. அதற்குப் பிறகுதான் விதி வந்தது.

ஆர்லன் ரூட் அக்டோபரில் வந்து சேர்ந்தார். எழுபத்தொரு வயது. மின்கம்பம் ஏறி வேலை பார்த்த ஆள், தோள் இன்னும் கதவு அகலம். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்தார். அவர் மனைவி அயோனுக்கு மூன்று வருடமாக ஞாபகம் அழிந்துகொண்டிருந்தது என்று ஊருக்கே தெரியும். முதல் வருடம் ஊரே பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது. இரண்டாம் வருடம் பாத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டதோடு சரி.

அயோனை லவோனுக்கு வேறு விதமாகத் தெரியும். தொடக்கப் பள்ளிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். சோதனைக்குப் போனதும், கேட்பதற்கு முன்பே தானும் நின்று, உதவிக்கு இருக்கும் பெண்களையும் நிற்க வைத்து, இரண்டு கையையும் நீட்டி நகத்தைக் காட்டுவாள். ஒரு தடவை லவோன் ஃபிரிட்ஜை இழுத்துப் பார்த்தபோது, துடைத்த தரையில் ஒரு சீட்டு கிடந்தது. 'இங்கேயும் பெருக்கியாச்சு' என்று எழுதியிருந்தது. இருபத்தொன்பது வருடத்தில் லவோன் வேலை நேரத்தில் சிரித்தது அன்றைக்குத்தான்.

நவம்பர் கூட்டத்தில் ஆர்லன் முதல் முறையாகப் படித்தார். ஒருவன் தன் மனைவியைக் குளிப்பாட்டுவது பற்றி. மனைவி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், பிள்ளைகள் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள். அவன் ஒவ்வொரு தரமும், சாப்பிட்டாச்சு, தட்டைக்கூடக் கழுவி வைத்துவிட்டார்கள் என்று சொல்கிறான். ராத்திரி அவள் படுக்கையை நனைக்கிறாள், அவன் விரிப்பை மாற்றுகிறான். மறுபடி நனைக்கிறாள், மறுபடி மாற்றுகிறான். அவ்வளவுதான் கதை.

வென்டல் கோழியைத் திருகி வைத்தார்.

"அந்தச் சூடான துண்டு வர்ற இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது," என்றாள் ட்ரிஷ், வாயில் பிஸ்கட்டோடு.

லவோனின் முறை வந்தது. இந்தக் கூட்டத்திலேயே மூக்கு இருப்பது தனக்கு மட்டும்தான் என்று அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. "துண்டு நல்லா இருக்கு. தட்டு கழுவினதா சொல்றதும் நல்லா இருக்கு," என்று இரண்டு நல்லதை ஒரே மூச்சில் தீர்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "ஆனா இந்தக் கதைசொல்லி எதையோ மறைக்கிறார். மூணு வருஷமா மூத்திர விரிப்பை மாத்துற மனுஷனுக்கு ஒரு தடவைகூட கோவம் வரலையாம், யாராவது நம்புவாங்களா? கை ஓங்கின ஒரு நாள் இருக்கும். அது ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கிடக்குது. இழுத்து வெளிய போடச் சொல்லுங்க, கதை தானா நிக்கும்."

"இந்த வருஷத்துலயே இதுதான் பிரமாதமான கருத்து," என்றார் வென்டல். ஆர்லன் தலையை நிமிர்த்தி லவோனை நெடுநேரம் பார்த்தார். மணி அடித்ததும் அவரைப் பேசச் சொன்னார்கள். "நன்றி," என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் லவோனுக்குத் தன் மூக்கை நினைத்துப் பெருமையாக இருந்தது.

டிசம்பர் கூட்டம் பனியால் நின்றது. ஜனவரியில் ஆர்லன் கதையைத் திருத்திக் கொண்டுவந்தார். துண்டு இருந்தது, விரிப்பு இருந்தது. அதற்குப் பிறகு, அவள் காலணி போட மறுக்கிற ஒரு காலை வந்தது. அவன் அவள் இடது மணிக்கட்டைப் பிடிக்கிறான். முறுக்குகிறான். குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் விடுகிறான். பிறகு அவளைப் பின்னறையில் விட்டுப் பூட்டிவிட்டு, அவள் அழுவது கேட்காமலிருக்க, வெளியே போய்ப் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறான். புல்லே இல்லாத இடத்தில் ஓட்டுகிறான்.

ஆர்லன் நோட்டை மூடினார். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"இப்பதான் கதைக்கு உயிர் வந்துருக்கு," என்றார் வென்டல்.

"அந்தப் புல்வெட்டி. ஐயோ, அந்தப் புல்வெட்டி," என்று ட்ரிஷ் நெஞ்சில் கை வைத்தாள். "எனக்கு இப்படி ஒண்ணு தோணவே மாட்டேங்குது பாருங்க."

லவோனுக்கு எதுவோ நாறியது. கெட்டுப்போன கறி இருக்கும் அறைக்குள் கால் வைத்ததும், எங்கே என்று தெரிவதற்கு முன்பே வரும் வாடை அது. கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. சுவரில் விதி தொங்கியது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அது அவளுடைய கருத்தால் நிமிர்ந்த கதை அல்லவா?

"ரொம்ப நல்லா வந்துருக்கு," என்றாள் லவோன்.

அதைச் சொன்ன வாயை வீட்டுக்குப் போய் இரண்டு தரம் கொப்பளித்தாள். கதைதானே, கதை என்று எழுதித்தானே கொடுத்தார் என்று ஒரு மாதம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முகத்தைச் சுளிக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு ஆர்லன் வீட்டுக் கதவைத் தட்டத் தெரியவில்லை.

பிப்ரவரி கூட்டத்தில், வட்டத்தின் வருடாந்திரத் தொகுப்புக்குக் கதைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்லன் இன்னொரு முறை படித்தார். வென்டல் கோழியைத் திருகி வைத்துவிட்டு, "இதுல பேச என்ன இருக்கு? தொகுப்புல இதுதான் முதல் கதை. கை தூக்குங்க," என்றார்.

கைகள் உயர்ந்தன. லவோனின் கையும் பாதி உயர்ந்துவிட்டது. தன் கையே அப்படி உயர்வதைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேலேயே ஓங்கரித்துக்கொண்டு வந்தது. கையை இறக்கினாள்.

"ஆர்லன், இது நடந்துச்சா?"

"லவோன்," என்றார் வென்டல். "மூணாவது விதி."

"எனக்கும் கண்ணு தெரியுது வென்டல். நான் உங்களக் கேக்கல, அவரக் கேக்கறேன்."

ஆர்லன் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது.

"வேண்டாம் ஆர்லன், நீங்க பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல," என்று வென்டல் குறுக்கே கையை நீட்டினார். "மணி அடிக்கிற வரைக்கும் எழுதினவங்க பேசக் கூடாது. அது உங்க பாதுகாப்புக்குத்தான்."

ஆர்லன் வாயை மூடிக்கொண்டார். லவோன் எழுந்து, மேஜை நடுவிலிருந்த கோழியை எடுத்து, கழுத்தைப் பூஜ்யம்வரை திருகினாள். அது கிணுகிணுவென்று அடித்தது.

"அடிச்சாச்சு. சொல்லுங்க. அயோன் கூட இப்ப யாரு இருக்கா?"

"யாரும் இல்ல," என்றார் ஆர்லன். "கூட இருந்து பாத்துக்கிட்ட பக்கத்து வீட்டுப் பொண்ணு கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே ஊர விட்டுப் போயிடுச்சு. பின் ரூம்ல இருக்கா. பூட்டிட்டு வந்துருக்கேன்."

ட்ரிஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கதைல வர்ற அதே ரூமா?" என்று கேட்டாள்.

லவோன் அவளைப் பார்த்த பார்வையில் ட்ரிஷ் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள். வென்டல் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அடுக்காகத்தான் இருந்தன. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியது லவோனும் ஆர்லனும் மட்டும்தான்.

அவள் காரில்தான் போனார்கள். பாலம் தாண்டியதும் லவோன் கேட்டாள்.

"எப்ப நடந்துச்சு? நான் அப்படி எழுதச் சொன்னதுக்கு அப்புறமா?"

"இல்ல, செப்டம்பர்ல. அதுக்கப்புறம்தான் உங்க வட்டத்துக்கே வந்தேன்." அவர் ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். "வாய் விட்டுச் சொல்ல வரல. எழுதலாம்னு பாத்தேன், அதுலயும் பாதிதான் வந்துச்சு. நீங்க மட்டும் சொன்னீங்க, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஏதோ கிடக்குதுன்னு. சரி, இந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, யாராவது வீட்டுக்கு வருவாங்கன்னு இருந்தேன். யாரும் வரல. அப்புறம் முழுசா எழுதிக் கொண்டாந்து படிச்சேன்."

அவர் ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"நல்லா வந்துருக்குன்னு சொன்னீங்க," என்றார்.

லவோனால் காரை ஓரங்கட்ட முடியவில்லை. அதற்கு நேரம் இல்லை. வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டு ஓட்டினாள்.

வீட்டில் மூத்திர வாடை அடித்தது. சமையல் மேடை மட்டும் பளபளவென்று இருந்தது. ஆர்லன் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு நடையிலேயே நின்றுகொண்டார். லவோன் பின்னறையைத் திறந்தாள். குளிர்காலக் கோட்டும் கால் மாற்றிப் போட்ட காலணியுமாக அயோன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வந்தவளைப் பார்த்ததும் மெதுவாக எழுந்து, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, நேராக நின்றாள்.

"மிஸ் ஹௌகன், சொல்லாம வந்துட்டீங்க," என்றாள். "பரவால்ல. எங்க வேணாலும் இழுத்துப் பாருங்க. பின்னாடியும் பெருக்கியாச்சு."

சொல்லிவிட்டு, கோட்டின் கைகளை முழங்கைக்கு மேல் ஏற்றி, நகத்தைக் காட்டுவதற்காக இரண்டு கையையும் நீட்டினாள். வலது கை நேராக நின்றது. இடது மணிக்கட்டு, வைத்தியம் பார்க்காமல் விட்டதில், கோணலாகவே கூடிப்போயிருந்தது. அதற்கு மேலே, முழங்கையருகில், நான்கு விரல் தடம் மஞ்சளும் நீலமுமாகப் பதிந்திருந்தது. அது செப்டம்பரில் வந்தது அல்ல. ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

லவோன் அந்தக் கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அந்த அறையில் முகம் சுளிக்க அவளுக்குத் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

"நாங்க பாஸா?" என்று கேட்டாள் அயோன்.

"நீங்க பாஸ், அயோன்," என்றாள் லவோன். ஒரு கையை மட்டும் விடுவித்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். முதியோர் பாதுகாப்புப் பிரிவு அவளுடைய பழைய அலுவலகத்துக்கு அடுத்த அறைதான். அந்த எண் அவளுக்கு நவம்பரிலேயே தெரியும்.