பதினொரு நிமிடம் நாற்பது விநாடி

அவருக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் ஒரே பெயர்தான்: நிபந்தனை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தில் நாற்பத்திரண்டு கணினிகளைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. எந்த மென்பொருளை ஏற்றினாலும் முதலில் ஒரு நீளமான நிபந்தனைப் பட்டியல் வருமே, நீங்களும் நானும் கண்ணை மூடிக்கொண்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிவிட்டுப் போவோமே, அதை அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். அதுவும் சும்மா இல்லை, பென்சிலும் நோட்டும் வைத்துக்கொண்டு. ஒருமுறை புதிய பிரிண்டருக்கான மென்பொருளின் நிபந்தனையைப் படித்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது. கேள்வித்தாள் அச்சடிக்க வந்த ஆசிரியை ஆய்வக வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுல அப்படி என்னதான் சார் எழுதியிருக்கும்?"

"பதினேழாவது பத்தியைப் பாருங்க மேடம். நாம அடிக்கிற ஒவ்வொரு தாளோட தலைப்பையும் அவங்க எடுத்து வெச்சுப்பாங்களாம். நீங்க 'இறுதித் தேர்வு'ன்னு தலைப்புப் போட்டு அடிச்சீங்கன்னா?"

ஆசிரியை திரும்பிப் போய்விட்டார். நிபந்தனை சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அந்த மனிதரிடம் இருந்த பெரிய தொல்லை, பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். எப்போதும் சரியாகச் சொல்கிற மனிதரோடு குடித்தனம் நடத்துவது என்ன பாடு என்று அவர் மனைவியைக் கேட்க வேண்டும்.

நிபந்தனைக்கு நேர் எதிர் அவருடைய அண்ணன். ஐந்து வயது மூத்தவர், நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்ததும் பூப்படம் போட்ட வணக்கத்தை நூறு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்குவார். குடும்பத்துக்கென்று ஒரு குழு ஆரம்பித்து, சம்பந்தி வீட்டார் முதல் ஒன்றுவிட்ட மச்சான் வரை நாற்பத்து மூன்று பேரைப் பிடித்துப் போட்டிருந்தார். தம்பி ஒருவர்தான் அதில் சேரவில்லை. அந்தச் செயலியின் நிபந்தனையைப் படித்துவிட்டாராம், சேர மாட்டாராம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஞாயிற்றுக்கிழமை காலையானால் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இந்த வழக்குதான் நடக்கும்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுடா. சும்மா குடுக்கிறான், வாங்கி வெச்சுக்க."

"பாக்காம வாங்கின மாடு நம்மளத்தான்ணா மேயும். நீ யார்கூடப் பேசுறே, எங்க போறே, எல்லாத்தையும் அவன் குறிச்சு வெச்சுக்கிறான்."

"என்னை எவன்டா வேவு பாக்கப் போறான்? முப்பது வருஷம் ஒரே தடத்துல பஸ் ஓட்டினவன் நான். எங்க போவேன், எங்க நிப்பேன்னு பலகையில எழுதி நெத்தியில மாட்டியிருந்தாங்க."

சமையலறையிலிருந்து அண்ணி சிரிப்பார். நிபந்தனைக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வார். உரிமையைப் பற்றிப் பேசும்போது சிரித்துவிட்டால் தோற்றுப் போனதாக அர்த்தம் என்று ஒரு நினைப்பு. அட, ஒரு முறையாவது சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

கடைசியில் இறங்கி வந்தது அண்ணன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைத் தம்பியின் மடியில் போட்டார். "நீ அங்க வர மாட்டே. சரி, நான் இங்க வர்றேன். உன் யோக்கியமான செயலியை இதுல போடு."

நிபந்தனைக்குத் தலைகால் புரியவில்லை. தன் நம்பிக்கைக்குரிய செயலியை ஏற்றினார். பதினோரு இலக்கத்தில் கடவுச்சொல் வைத்தார். பிறகு, எந்தச் செய்தியானாலும் ஏழு நாளில் தானாக அழியும்படி அமைத்தார்.

"நான் பேசுறதெல்லாம் ஏழு நாள்ல போயிடுமா?"

"அனுப்பின நேரத்துலேர்ந்து ஏழு நாள். உன் போன்லயும் இருக்காது, என் போன்லயும் இருக்காது."

"நீ கேக்காம வெச்சிருந்தா?"

"கேட்டாலும் போயிடும், கேக்காட்டியும் போயிடும். அதான்ணா பாதுகாப்பு."

"அப்ப நேர்ல பேசுற மாதிரின்னு சொல்லு. நல்லதுதான்" என்றார் அண்ணன். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்கள், எழுத்தைத் தட்டினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். அதனால் எல்லாவற்றையும் குரலில்தான் அனுப்புவார். தினமும் ஒன்று, இரண்டு நிமிடம் போல. பணிமனைப் பக்கம் போய் வந்தது, முட்டி வலி, அண்ணியோடு சண்டை என்று எதையாவது சொல்வார். நிபந்தனை கல்லூரிக்கு நடந்து போகிற வழியில் கேட்பார். கேட்டு முடித்ததும் கை தானாக அழி பொத்தானுக்குப் போகும். ஏழு நாள்கூட எதற்கு?

இப்படி ஒரு வருடம் ஓடியது. பிறகுதான் அந்தப் புகைப்பட விவகாரம்.

நிபந்தனையின் மகளுக்கு முதல் வேலை கிடைத்தது. அவளுடைய அடையாள அட்டையின் படத்தை அண்ணன் தன் பொதுப் பக்கத்தில் போட்டார். 'எங்கள் வீட்டுப் பெண், எங்கள் குலவிளக்கு' என்று மேலே ஒரு வரி. அட்டையில் முகம், ஊழியர் எண், தொலைபேசி எண் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. முந்நூறு பேர் பாராட்டியிருந்தார்கள். மனைவியின் போனில் அதைப் பார்த்த நிபந்தனைக்கு ரத்தம் தலைக்கேறியது. அதே போனை வாங்கி, வாழ்நாளில் சேராத அந்தக் குடும்பக் குழுவில், மனைவியின் பெயரில், ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டு எழுதினார். அடுத்தவர் படத்தை அனுமதியில்லாமல் போடுவது எப்படி உரிமை மீறல் என்பது முதல் எட்டில். ஒன்பதாவது இப்படி: 'விவரம் கெட்ட மனிதர்கள் கையில் போன் இருந்தால் குடும்ப மானம் சந்தைக்கு வரும்.'

நாற்பத்து மூன்று பேரும் படித்தார்கள். சம்பந்தியும் படித்தார். அண்ணன் ஐந்தே நிமிடத்தில் படத்தை எடுத்துவிட்டார். பதில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அடுத்த நாள் பூப்படமும் வரவில்லை.

சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்து, பையைக்கூட இறக்காமல் அப்பாவின் எதிரே நின்றாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா? அந்தப் படத்தை நான்தான் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். போடட்டுமாம்மான்னு கேட்டுட்டுத்தான் போட்டார்."

"நம்பர் தெரியுது, உனக்கு அதோட ஆபத்து தெரியாது."

"நம்பரை மறைச்சுப் போடுங்கன்னு சொல்லியிருந்தா மறைச்சிருப்பார். என் அனுமதி என்கிட்ட இருக்கா, உங்ககிட்ட இருக்கா?"

இருபது வருடமாக அனுமதி அனுமதி என்று ஊருக்கு உபதேசம் செய்தவர் அவர். அண்ணன் கேட்டுத்தான் செய்திருக்கிறார், கேட்காமல் செய்தது தான்தான் என்பது அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு நடந்தால் அண்ணன் வீடு. நடக்கவில்லை.

புதன்கிழமை மாலை நாலு மணிக்கு அண்ணனிடமிருந்து குரல் செய்தி வந்தது. நீளம் பதினொரு நிமிடம் நாற்பது விநாடி. இரண்டு நிமிடத்தைத் தாண்டாத மனிதர்.

திட்டியிருக்கிறார் என்று நினைத்தார். திட்டட்டும், அப்புறம் கேட்டுக்கொள்வோம் என்று போனை மேசை இழுப்பறையில் வைத்தார். வியாழக்கிழமை அறுபது மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. வெள்ளிக்கிழமை ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டார்: "அண்ணன் வீட்டுக்குப் போகலையா?" "தலைவலி" என்று படுத்துக்கொண்டார். பொய். போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, செய்தியின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கடிகாரம் தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அது கோபமே இல்லை, பயம். அண்ணன் திட்டியிருந்தால் தாங்கிக்கொள்வார். திட்டாமல் விட்டிருந்தால்? அழுதிருந்தால்? அந்தக் குரலை எந்த முகத்தோடு கேட்பது?

அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு, ஆய்வகத்தில் பழைய விசைப்பலகை ஒன்றின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது போனைப் பார்த்தார். செய்தி இருந்த இடம் காலியாக இருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அப்போது அவருக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. இனிக் கேட்க வேண்டியதில்லையே!

பத்தொன்பது நாள் கழித்து அண்ணன் போய்விட்டார். காலையில் பணிமனைக்குப் போய்ப் பழைய நண்பர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வரைகூடத் தாங்கவில்லை.

வந்தவர்களெல்லாம் போன பிறகு ஒரு நாள், அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவரெதிரே உட்கார்ந்தார். "தம்பி, அவர் உங்களுக்கு ஏதோ நீளமாப் பேசி அனுப்பினாரே, என்ன சொன்னார்? முடிஞ்சா எனக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. குரலைக் கேக்கணும் போல இருக்கு."

"அப்புறம் காட்டுறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அன்றைக்கு ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போனைக் கணினியில் சொருகித் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி கேட்கும் மன்றம் ஒன்று உண்டு, அதில் போய்த் தேடினார். இதே கேள்வியை மூன்று வருடம் முன்பு ஒரு பெண் கேட்டிருந்தார். இறந்துபோன அம்மா அனுப்பிய குரல் செய்தி அழிந்துவிட்டது, மீட்க வழியுண்டா என்று. அதற்கு இருநூற்றுப் பதினான்கு பேர் கைதட்டிய ஒரு பதில் மேலே நின்றது.

'முடியாது. முடியவும் கூடாது. உங்கள் அம்மாவுக்காக ஒரு கதவைத் திறந்தால் அதே கதவு வழியாகத் திருடனும் வருவான். அழிந்தது அழிந்ததுதான். நிபந்தனையைப் படித்துவிட்டு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.'

எழுதியவர் பெயரைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. தான் எழுதியது தனக்குத் தெரியாதா? அந்தப் பெண் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று பார்த்தால், அந்தக் கேள்வியைப் பழசாகிவிட்டதென்று மூடியிருந்தார்கள். நிபந்தனை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அண்ணி வீட்டுக்குப் போனார்.

"அண்ணி, நான் அதைக் கேக்கலை."

"கேக்கலையா, எங்கிட்டச் சொல்ல இஷ்டமில்லையா?"

"கேக்கவே இல்லை. ஏழு நாள் கையிலதான் இருந்துச்சு. பயந்துக்கிட்டு விட்டுட்டேன். அழிஞ்சு போச்சு."

அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "மாடியில துணி காயப்போட்டிருந்தேன். அதுக்கு நடுவுல நின்னுதான் பேசினார். ரெண்டு தடவை சிரிச்ச சத்தம் கீழ கேட்டுச்சு. இறங்கி வந்து, 'சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்'னார். என்னன்னு கேட்டா, 'அது எனக்கும் அவனுக்கும்'னுட்டார். எப்படியும் நீங்க சொல்லுவீங்கன்னு நானும் விட்டுட்டேன்." துணியை மறுபடியும் எடுத்து மடித்தார். "அப்ப அது யாருக்குமே தெரியாதா தம்பி?"

"யாருக்கும் தெரியாது அண்ணி."

அண்ணி உள்ளே போய் அண்ணனின் போனைக் கொண்டுவந்தார். தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார், யாராவது விஷயம் தெரியாமல் கூப்பிட்டால் சொல்ல வேண்டுமே. "இதுல ஒண்ணும் இருக்காதா?"

இருக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் அண்ணிக்காக வாங்கினார். உறையைக் கழற்றினால் பின்பக்கம் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. அவர் பாடுபட்டு வைத்த பதினோரு இலக்கக் கடவுச்சொல், அண்ணன் கையெழுத்தில், பேருந்துப் பலகை போல கொட்டை எழுத்தில். நிபந்தனைக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை அடக்கவில்லை, சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு திறந்தார்.

தம்பி என்ற பெயருக்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. ஆனால் அடியில், செய்தி எழுதும் கட்டத்துக்குள், ஒரு வார்த்தை நின்றது. பக்கத்து எழுத்து ஒன்றுகூட விழாமல், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டியிருக்கிறார்.

'கேட்டியாடா'

எழுதிவிட்டு அனுப்பாமல் விட்டிருக்கிறார். அனுப்பாததற்கு ஏழு நாள் கணக்கு கிடையாது, அது அப்படியே இருந்துவிட்டது.

"நச்சரிச்ச மாதிரி ஆயிடும்னு விட்டிருப்பார்" என்றார் அண்ணி.

நிபந்தனை அந்தச் செயலியின் அமைப்புக்குள் போய் அந்த ஏழு நாளை எடுத்துவிட்டார். இனி எதுவும் அழியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், அவருக்கும் அது தெரியும். போனை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவரைக் கேட்காமலே அனுப்பு பொத்தானைத் தொட்டார்.

நிபந்தனையின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அண்ணன் பெயர், கீழே அந்த ஒரு வார்த்தை.

"பதில் போடுங்க தம்பி" என்றார் அண்ணி.

'இல்லண்ணா' என்று எழுதினார். அதை மட்டும் அனுப்பினார். அண்ணி கையிலிருந்த போன் மணியடித்தது.