கிலோமீட்டரைச் சொல்லக் கூடாத வேலை

எதிரி விமானத்தைத் தரையிலிருந்து அடிக்கும் ஏவுகணையை இன்னும் தூரம் போகவைப்பதுதான் என் உத்தியோகம். எத்தனை கிலோமீட்டர் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. வாயைக் கட்டிக்கொண்டு சம்பளம் வாங்கியவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

பெண் பார்த்த அன்று

ஏழுமலை என் பிரிவில் இன்ஜினியர், கீழ்பென்னாத்தூர்க்காரர். நான் திருவண்ணாமலை. ஒரே ஜில்லா என்பதால் அவருக்குப் பெண் பார்க்க என்னையும் அழைத்துப் போனார். பெண் பெயர் அம்சா. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அவள் அப்பா கேட்டார். ஏவுகணை லேசானால் தூரம் போகும். அதற்காகக் கிராம் கிராமாகக் குறைப்போம். அதையெல்லாம் சொல்ல முடியாமல், எடை குறைக்கிற வேலை என்றார் ஏழுமலை. பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஜிம் வெச்சிருக்கீங்களா?"

யார் முடிவு?

எரிபொருள் முழுவதும் கிளம்பும்போதே தீர்ந்துவிட்டால், கடைசியில் விமானம் திரும்பும்போது கூடவே திரும்ப ஏவுகணைக்குத் தெம்பு இருக்காது. அதனால் ஒரு பகுதியைத் தடுப்புக்குப் பின்னால் வைத்து, பிற்பாடு பற்றவைப்போம். அந்தத் தடுப்பை இன்னும் மெல்லிசாக்கலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தாங்காது என்று ஏழுமலை இரண்டு முறை சொன்னார்.

எரிபொருள் நிரப்பிய மோட்டாரைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்த்தபோது தடுப்பு கிழிந்து, இரண்டு பகுதியும் சேர்ந்து எரிந்து, மோட்டார் சிதறியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. விசாரணையில் யார் முடிவு என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் ஏழுமலை எழுந்து நின்றார். வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. வெளியே வந்து நான் பேச்செடுத்தபோது மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு ரிட்டயராவ கொஞ்ச நாள்தான் சார் இருக்கு. என் பேர்லயே இருக்கட்டும்."

கீழ்பென்னாத்தூரில்

தடுப்பை அவரே திரும்ப வடிவமைத்தார். அதைப் பறக்கவிட்டுப் பார்ப்பதற்கு முன்பே புற்றுநோயில் போய்விட்டார். ஏவுகணை நாங்கள் நினைத்ததைவிடத் தூரம் போயிற்று. எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். நானும் கையை நீட்டினேன்.

ஓய்வு பெற்று, திருவண்ணாமலையில் செங்கம் ரோடு பக்கம் குடிவந்த பிறகு, ஒரு நாள் பஸ் ஏறி அவர் மனைவி அம்சாவைப் பார்க்கப் போனேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். குறைக்கச் சொன்னது நான், பழி சுமந்தது அவர் என்று தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தேன். அவள் கை நிற்கவில்லை. "தெரியும்ணா, சொல்லியிருக்காரு. அவரு செஞ்சது மேல போச்சான்னு மட்டும் சொல்லுங்க, எவ்ளோ தூரம்னு வாணாம்."

எட்டாத தூரத்தை எட்டவைக்கச் சம்பளம் வாங்கிய எனக்கு, முக்கால் மணி நேர பஸ் தூரத்தைக் கடக்க, குடிவந்த பிறகும் எட்டு மாதம் ஆயிற்று.