மேசை நடுவே ஒரு மஞ்சள் அட்டை

அந்த லிஃப்ட் மெக்கானிக்கைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரைச் 'சிங்கம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி வழியில் நிற்கும் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிற ஆள். அந்தச் சிங்கத்துக்குச் சில மாதமாக உள்ளுக்குள் பயம்.

கூரைமேல் நின்று வேலை பார்த்தபோது லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறு ஒரு முழம் நழுவி நின்றது, அவ்வளவுதான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு லிஃப்ட் ஏறி இறங்கும் குழியை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கூட்டாளியைக் குழிக்குள் அனுப்பிவிட்டு, இவர் மேலே மோட்டார் அறையில் எதையாவது முறுக்கிக்கொண்டிருப்பார். இப்போது கூட்டாளி விடுப்பில் போகிறான். திங்கட்கிழமை இவரேதான் இறங்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம், தான் பயப்படுவது மனைவிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது. எல்லாரும் சிங்கம் என்று சொல்ல, அவள் மட்டும் பூனை என்று தெரிந்துகொண்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

ஞாயிறு மதியம் வழக்கம்போலக் கதை ஆட்டம். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே மேசை போட்டிருக்கும். கடைக்காரர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் ஒளிந்துகொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சிங்கம் வாள்வீரன், மனைவி வைத்தியம் பார்ப்பவள், மனைவியின் தம்பி திருடன். தம்பிக்கு அது நடிப்பே இல்லை என்பது மற்றவர்கள் கருத்து.

மேசை மரியாதையில் கடைக்காரர் கறார். போன்கள் எல்லாம் கூடைக்குள் போய்விட வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசினால், அவர் முறைக்கிற முறைப்பில் டீ ஆறிவிடும். மேசை நடுவில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். கதை யாருக்காவது தாங்க முடியாமல் போனால், அதை விரலால் தொட்டால் போதும். கதை வேறு வழியில் திரும்பிவிடும். ஏன் தொட்டாய் என்று அங்கேயும் கேட்கக் கூடாது, வெளியே போயும் கேட்கக் கூடாது. இதுவரை யாரும் தொட்டதில்லை. தம்பி அதன்மேல் டீ கிளாஸை வைத்துத் திட்டு வாங்கியதோடு சரி.

"கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பாழுங்கிணறு," என்றார் கடைக்காரர். "ஒரே ஒரு கயிறு தொங்குது. வாள்வீரன்தான் முதல்ல இறங்கணும்."

"கயித்தப் பிடிச்சு இறங்குறேன்," என்றார் சிங்கம்.

"இறங்க இறங்க மேல வெளிச்சம் சின்னதாகுது. கயிறு லேசா ஒரு தடவை உதறுது."

உள்ளங்கை வேர்த்துப் பகடை ஒட்டிக்கொண்டது. நாற்காலி கீழே போவதுபோல இருந்தது.

"என்ன மாமா, பகடைக்குத் தாலாட்டா பாடுறீங்க? உருட்டுங்க," என்றான் தம்பி.

அட்டை ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. தொட்டால் தப்பித்துவிடலாம். ஆனால் கதைக் கிணற்றுக்கே நடுங்குகிறவன் நிஜக் குழியில் என்ன செய்வான் என்று அவளுக்கு யோசிக்கத் தெரியாதா? மனைவி பக்கம் திரும்பாமல் எழுத்துப் பலகையின் கடைசி வரியையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அட்டையை ஒரு விரல் தொட்டது. மனைவியின் விரல்.

"சரி," என்றார் கடைக்காரர், குரல் மாறாமல். "பக்கத்துல ஒரு படிக்கட்டு தெரியுது. எல்லாரும் அதுல நடக்குறீங்க." தம்பி வாயைத் திறந்தான், கடைக்காரரைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

கண்டுபிடித்துவிட்டாள் என்று சிங்கம் பதறினார். ஆனாலும் தம்பி எதிரில் மானத்தைக் காப்பாற்றிவிட்டாளே என்று நெஞ்சு நெகிழ்ந்தது. வீட்டுக்கு நடக்கும்போது அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கேட்கத்தானே கூடாது, நன்றி சொல்லலாமே என்று தனக்குத் தானே சட்டம் பேசிக்கொண்டார்.

"எனக்காகத் தொட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ்மா. இன்னும் கொஞ்சம் போயிருந்தா அழுதிருப்பேன். நாளைக்குக் குழிக்குள்ள எப்படித்தான் இறங்கப் போறேனோ."

அவள் நின்றுவிட்டாள். "உங்களுக்காகவா? நான் எனக்காகத் தொட்டேங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து, மத்தியானம் உங்க போன் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. உங்களுக்குத்தான் பயமே கிடையாதே, சொன்னா சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"உங்களுக்கு எப்பலேர்ந்து பயம்?" என்றாள்.

"கயிறு நழுவினதுலேர்ந்து."

"கயிறு எப்ப நழுவுச்சு?"

அதையும் அவளிடம் சொன்னதில்லை. அவள் அவருடைய சட்டையை முன்பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை.

"நாளைக்கு இறங்க முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லிடுங்க. கூச்சமா இருந்தா நான் பேசுறேன்."

"யாருக்குப் பயம்னு சொல்லுவ?"

"ரெண்டு பேருக்கும்னு சொல்றேன்."