கோலாலம்பூரில் ஒரு பெரட்டு

"ரதி."

"இருக்கேன்."

காலை ஐந்தரை மணி. முருகையா நோட்டில் ஒரு கோடு போடுகிறான். நீளக் காற்சட்டை, முழங்கால் வரை காலுறை, தடித்த பூட்ஸ், தொப்பி, காதில் பென்சில். எதிரே, விடுதிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வயது மகள் நின்றவாக்கில் தூங்குகிறாள். ஆள் மொத்தம் ஒன்று, வந்தது ஒன்று, சீக்கு இல்லை, ஓடிப்போனது இல்லை. கோலாலம்பூர் சுற்றுலா இப்படித்தான் தொடங்குகிறது.

பட்டணத்துக்குப் பிழைக்கப் போய்ப் பழசை மறந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விடியுமுன் தோட்டத்து ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை என்று வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. முருகையா ரந்தாவுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக மண்டோர். நாற்பது பேரை மேய்க்கிறான். அதில் தமிழன் இரண்டு பேர். மற்றவர்கள் வங்காளதேசம், இந்தோனேசியா. எல்லார் பெயரையும் பிசகில்லாமல் கூப்பிடுவான். பெண்டாட்டி பிறந்தநாள் மட்டும் ஞாபகம் இருக்காது.

நான் அதே தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறேன், பக்கத்து வீடு. போன பள்ளி லீவில் லோரி பட்டறையில் படுத்துக்கொண்டது. நான் சும்மா இருப்பதைப் பார்த்து முருகையாவின் மனைவி பாஞ்சாலைக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குச் சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. பள்ளிக்கூடம் மூடினால் தொழிற்சாலை மூடுமா? "நீங்களும் கூடப் போங்கண்ணே. இந்தத் தடவையும் புள்ள கோவிச்சிக்கிட்டு வந்துச்சின்னா, இந்த மனுசன் ஒரு மாசத்துக்குச் செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்றாள்.

விஷயம் இதுதான். முருகையாவின் தங்கை லோகேஸ்வரி சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் இருக்கிறாள். மாடி வீடு, கார், வருஷத்துக்கு இரண்டு சுற்றுலா. தன் பிள்ளைகளைக் கோலாலம்பூரில் பூமிக்கு அடியில் இருக்கிற மீன் காட்சிக்குக் கூட்டிப்போய், கண்ணாடிக் குகையில் தலைக்கு மேல் சுறா நீந்துவதைப் படம் பிடித்து ரதிக்கு அனுப்பிவிட்டாள். அதிலிருந்து பெண் அதே நினைப்பு. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் முன்னாலேயே அப்பனிடம் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் மீன் பாக்கலன்னா, அடுத்த லீவுக்கு நான் அத்தைகூடப் போறேன்ப்பா."

"பாப்போம்லா" என்றான் முருகையா. வேறு என்ன சொல்லுவான்? அவன் வேலைக்குக் கிளம்பும்போது அவள் தூக்கம். அவன் திரும்பும்போது அவள் பள்ளி, அப்புறம் டியூஷன். அவள் புத்தகத்தை மூடும்போது அவன் குறட்டை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். வருஷத்தில் மூன்று நாள்தான் அவனுக்கு மகள் கிடைக்கிறாள். அந்த மூன்று நாளையும் அவன் எப்படிச் செலவு செய்கிறான் என்று நேரில் பார்த்தபோதுதான், லோகேஸ்வரி மீது எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

கோலாலம்பூரை அவன் நிரை நிரையாகப் பார்க்கிறான். தெருவின் இடதுபக்கம் கடைசி வரை போவது, வலதுபக்கமாகத் திரும்பி வருவது, அப்புறம் அடுத்த தெரு. நடுவில் குறுக்கே புகுவது கிடையாது. ஒரு மரம்கூட விடாமல் பார்ப்பவன் தெருவை மட்டும் விடுவானா? முதல் வருஷம் பிரிக்பீல்ட்ஸ். அடுத்த வருஷம் பெட்டாலிங் தெரு. மூன்றாம் வருஷமும் நான்காம் வருஷமும் மஸ்ஜிட் இந்தியா. இந்த வருஷமும் அங்கேதான், விடுதியும் அந்தத் தெருவில்தான். எந்த விளக்குக் கம்பத்தோடு நிறுத்தினான் என்று அதன் நம்பரை நோட்டில் எழுதிக்கொள்வான். அடுத்த வருஷம் வந்து இறங்கியதும் நேராக அந்தக் கம்பத்துக்குப் போய், அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவான். இரட்டைக் கோபுரம் எந்தத் தெருவில் நின்றாலும் தெரிகிறது. ரதி கையை நீட்டிக் காட்டினால், "அது நம்ம நெர இல்லம்மா" என்பான். இந்தக் கணக்கில் போனால் கோபுரத்துக்குப் போய்ச் சேர இன்னும் முப்பத்தெட்டு வருஷம் ஆகும். ரதி தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம்.

இதையாவது மன்னிக்கலாம். நேரத்தைத்தான் மன்னிக்க முடியாது. தோட்டத்தில் ஆறு மணிக்குச் செம்பனைக் காட்டுக்குள் இறங்கி, ஒன்பது மணிக்குப் பசியாறி, பன்னிரண்டுக்கு வேலையை முடிப்பார்கள். கோலாலம்பூரிலும் அப்படியே, லீவு என்பதால் பத்துக்கெல்லாம் முடித்துவிடுவான். ஆறு மணிக்குத் தெருவில் இறங்குகிறான். அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள்? புறாக்கள் இருக்கும். தெருக்கூட்டுகிற வங்காளதேசத்துப் பையன்கள் இருப்பார்கள். முருகையா அவர்களுடைய பாஷையில் குசலம் விசாரித்து, துடைப்பத்தை இப்படிப் பிடி என்று சொல்லிக் கொடுப்பான். ஒன்பது மணிக்கு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இரும்புக் கதவைத் தூக்கத் தொடங்கும்போது அன்றைய நிரை முடிந்திருக்கும். அறைக்குத் திரும்பிச் சோறு, தூக்கம். சாயங்காலம் வெளியே போனால் என்ன என்று கேட்டால், அப்புறம் நாளைக்குப் பெரட்டுக்கு எப்படி எழுந்திருப்பது என்று கேட்கிறான்.

நாலு வருஷத்தில் ரதி பார்த்த கோலாலம்பூர் முழுக்க முழுக்கக் கதவு. எந்தத் துணிக்கடைக் கதவு பச்சை, எந்த நகைக்கடைக் கதவில் துரு ஏறியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். பள்ளியில் 'நான் கண்ட மாநகர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். மாநகரில் எல்லாக் கடைகளும் பூட்டியிருக்கும், மக்கள் குறைவு, புறாக்கள் அதிகம் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள். ஆசிரியை கீழே 'கற்பனை நன்று' என்று போட்டுக் கொடுத்தார்.

முதல் நாள் நானும் கூட நடந்தேன். ஒரு பெரிய ஓட்டல் வாசலில் வரிசையாக அழகுப் பனை வைத்திருந்தார்கள். முருகையா நின்றுவிட்டான். மட்டை வெட்டியது சரியில்லையாம், காய்க்காத மரத்துக்கு எதற்கு இவ்வளவு உரமாம். அண்ணாந்து பார்த்தபடியே ஒவ்வொரு மரமாகத் தட்டிக்கொண்டு போனான். நேப்பாளக் காவலாளி வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். இங்கே மொத்தம் எத்தனை மரம் என்று முருகையா திருப்பிக் கேட்டான். அவனுக்குத் தெரியவில்லை. "காவல் நிக்கிற, மரக் கணக்கு தெரியாதா?" என்று மலாயில் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தான். ரதி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். இந்த ஆள் யார் என்றே தெரியாதது மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவள் நன்றாகப் பழகியிருக்கிறாள்.

இரண்டாம் நாள் ஐந்தரை மணி. "ரதி" என்றான். இன்னொரு தரம் கூப்பிட்டான். போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"எனக்கு இன்னிக்கி எம்.சி."

"என்னா சீக்கு?"

"கால் வலி."

"எப்பலேருந்து?"

"தெரியல. பத்து மணிக்குச் சரியாயிடும்."

முருகையா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான், மறுபடி காதிலேயே வைத்தான். காய்ச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற எம்.சி. பார்த்திருக்கிறான். பாம்பு கடித்து, மோட்டாரிலிருந்து விழுந்து, மட்டை முள் குத்தி வந்த எம்.சி. எல்லாம் பார்த்திருக்கிறான். மணி பார்த்துக் குணமாகும் சீக்கு அவன் சர்வீசிலேயே வந்ததில்லை. தோட்டமாக இருந்தால் ஆபீஸ் கிராணியிடம் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். இங்கே கிராணிக்கு எங்கே போவது? என்னைப் பார்த்து, "மச்சான், நீங்க சொல்லுங்களேன்" என்றான். நான் லோரிக்காரன், பெரட்டில் எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கதவு வரை போனான். பிடியில் கையை வைத்தான். தெருவில் குப்பை வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது. "நெர அப்படியே கெடக்குது" என்று கதவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

இருபத்திரண்டு வருஷமாகக் காலை ஆறு மணிக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்திராத மனிதன். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் பட்ட பாடு இருக்கிறதே, பிரசவ வார்டு வாசலில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. ஜன்னலுக்குப் போனான், வந்தான். குளியலறைக் குழாய் சொட்டுவதைச் சரி செய்தான். அதுவும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எட்டு மணிக்குக் கீழே போய் ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் வாங்கிவந்து மகள் தலைமாட்டில் வைத்தான். ஆறிவிடும் என்று மேலே தன் தொப்பியைக் கவிழ்த்தான். போர்வை ஓரத்தில் ஒரு கண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணி சுமாருக்கு, பூட்ஸையாவது கழற்றிவிட்டு உட்காரேன் என்று சொன்னேன்.

"கழட்டினா தூங்கிடுவேன் மச்சான். பத்து மணிக்கு அது எழுந்திரிக்கும்போது நான் தூங்கிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

அப்புறம் குரலைத் தணித்து, அம்பாங்கானிலிருந்து இங்கே காரில் வர எவ்வளவு நேரம் என்று கேட்டான். ஒரு மணி நேரம் என்றேன். தலையை ஆட்டினான். "லோகா நல்லாத்தான் பாத்துக்குவா" என்றான். கேலி பண்ண நல்ல இடம். விட்டுவிட்டேன்.

சரியாகப் பத்து மணிக்கு ரதிக்குக் கால் குணமாயிற்று. மருத்துவ உலகம் கவனிக்க வேண்டிய விஷயம். பத்து நிமிஷத்தில் குளித்து உடுத்தி, ஆறிப்போன ரொட்டியைத் தின்றுகொண்டே படியிறங்கினாள்.

வாசலில் முருகையா திகைத்து நின்றுவிட்டான். கதவுகளெல்லாம் மேலே போயிருந்தன. சேலைகள் கொடி கொடியாகத் தொங்கின. ஊதுவத்திப் புகை, பாட்டு, பூக்கட்டுகிறவர்கள், பேரம் பேசுகிறவர்கள், இடித்துக்கொண்டு போகிற கூட்டம். அவன் வலதும் இடதும் பார்த்தான். ஒரு கம்பத்தைத் தேடினான். கம்பத்தில் யாரோ சட்டைகளை மாட்டி வைத்திருந்தார்கள்.

"இது எந்தத் தெரு மச்சான்?"

மூன்று வருஷமாக நோட்டில் ஏற்றி, கல் கல்லாக நடந்து முடித்த தெரு. நான் சிரித்துவிட்டேன். ரதி சிரிக்கவில்லை. "இப்படி வாங்கப்பா" என்று அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். குறுக்கேதான்.

ரயில் ஏறி இறங்கி, கோபுரத்தின் பக்கமாகவே நடந்து, பூமிக்கு அடியில் போனோம். மீன் என்றால் எனக்குக் குழம்பில் பார்த்துத்தான் பழக்கம். நான் ஒரு பெஞ்சைப் பிடித்தேன். முருகையா முதல் தொட்டியிலிருந்து முறையாகத் தொடங்கினான். ரதி, ஆச்சரியம், அவசரப்படுத்தவில்லை. அவன் விரலை நீட்டி எண்ணுவதும், ஒன்பது வந்ததும் மீன்கள் இடம் மாறிக்கொள்வதும், அவன் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குவதுமாகக் கொஞ்ச நேரம் போனது.

"இதுங்கள வெச்சிப் பெரட்டு எடுக்க முடியாதும்மா" என்றான் கடைசியில்.

ரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

கண்ணாடிக் குகையில் தரையே நகர்கிறது. நடக்க வேண்டியதில்லை. நடக்காமல் சம்பளம் வாங்குவது போல முருகையாவுக்குக் கூச்சமாகிவிட்டது. நகர்கிற தரையிலும் நடந்தான், மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். சுறாவைப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால் என்ன சொல்லுவான் என்று எனக்குக் கவலை. பின்னாலேயே வந்த ரதி, இன்னொரு தரம் போகலாமா என்று கேட்டாள்.

முடித்த நிரைக்குள் மறுபடி ஆளை அனுப்புவது தோட்டத்தில் தண்டனை. வேலையை ஒழுங்காகச் செய்யாதவனைத்தான் அப்படி அனுப்புவான், அதுவும் எல்லார் முன்னாலும் பேசிவிட்டு. மகள் முகத்தைப் பார்த்தான். வாசலில் நின்ற மலாய்ப் பையனிடம் போய், தோட்டத்தில் சொல்கிற மாதிரியே, மரத்தடியில் கொஞ்சம் உதிரிப் பழம் விட்டுப்போச்சு, பொறுக்கிவிட்டு வந்துவிடுகிறோம் என்று மலாயில் சொன்னான். பையனுக்கு ஒரு எழவும் புரியவில்லை. போங்கள் என்று கையைக் காட்டினான். இரண்டாவது தடவை முருகையா நின்றபடியே போனான். மூன்றாவது தடவையும் போனான். சுறா அவன் தலைக்கு மேல் வரும்போதெல்லாம் குனிந்துகொண்டான். மணி இரண்டரை. அவன் உடம்பு குறட்டை விட வேண்டிய நேரம் தாண்டி ஒரு மணி ஆகியிருந்தது. கண் கோவைப் பழமாகச் சிவந்திருந்தது.

மறுநாள் சிரம்பான் ரயிலில் திரும்பும்போது லோகேஸ்வரி கூப்பிட்டாள். முருகையாவின் போன்தான். எடுத்துப் பெயரைப் பார்த்தவன், மகளிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். லோகேஸ்வரிக்கு ஒலிபெருக்கியே வேண்டாத குரல். இந்த வருஷமும் பூட்டுத்தான் காட்டினாரா உங்கப்பா என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டது. ரதி சுறாவைச் சொன்னாள், ஆமையைச் சொன்னாள். அத்தை விடவில்லை. அடுத்த லீவுக்குப் பினாங்கு போகிறோம், உனக்கும் சேர்த்து ரூம் போடவா, இப்பவே சொல்லு என்றாள்.

நீலாய் தாண்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. முருகையா கண்ணாடியில் நெற்றியை வைத்து, வெளியே ஏதோ கட்டாயம் பார்த்தாக வேண்டியது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடரி மட்டும் விறைத்திருந்தது.

"தெரியல அத்தை, சொல்றேன்" என்றாள் ரதி. அடுத்து ஜெல்லி மீன் எப்படி மூச்சு விடும் என்று விளக்க ஆரம்பித்தாள். விளக்கிக்கொண்டே இருக்கையில் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலையும் செருப்போடு தூக்கி அப்பன் மடியில் போட்டாள். அவன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, தடவிப் பார்த்து, அவள் செருப்பு வாரை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.