சிப்பைத் தூங்கவைக்கும் அக்கா

அக்கா விரலின் பின்பக்கத்தைச் சிப்பின் மேல் வைத்து, மனசுக்குள் மூன்று வரை எண்ணுகிறார். “ம்ஹும். இன்னும் தூங்கல.” கையை எடுத்து முழங்காலில் துடைத்துக்கொள்கிறார். அந்தச் சிப்பின் சூடு எவ்வளவு என்பது எதிரே கணினித் திரையில் தசமப் புள்ளியோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவர் அதைப் பார்ப்பதில்லை. “அது சொல்றத நம்பி ரெண்டு தடவை ஏமாந்திருக்கேன்” என்பார். அந்த இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

நாற்பத்தாறு வயது. மூக்குக் கண்ணாடி ஒன்று மூக்கில், இன்னொன்று தலையில். எது கிட்டப் பார்க்க, எது எட்டப் பார்க்க என்று அவருக்கே சில சமயம் குழம்பும். நடக்கும்போது வலது முழங்கால் ‘டக்’கென்று ஒரு சத்தம் போடும். சத்தம் கேட்டதும் எங்கள் வரிசையில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம். அவர் யாரையும் அதட்டியதாக நினைவில்லை. ஆனாலும் நிமிர்ந்துதான் உட்காருவோம்.

நான் அந்த நிறுவனத்தில் கையேடு எழுதுகிறவன். எதை அமுக்கினால் என்ன வரும் என்று மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதுவது என் பிழைப்பு. அவருக்குப் பக்கத்து மேசை. ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் எழுதுவது டிரைவர். கணினியில் படம் வரைவதற்கென்றே ஒரு சிப் இருக்கிறது. அதை மேய்க்கிற மென்பொருளுக்கு அந்தப் பெயர். அதிலும் அக்காவின் பங்கு படம் வரைவதில்லை. சிப்புக்கு வேலை இல்லாதபோது தூங்கவைப்பதும், வேலை வந்ததும் எழுப்புவதும். அவர் கணவர் பேருந்து ஓட்டுகிறார். “எங்க வீட்ல ரெண்டு டிரைவர். ஒருத்தர் ஊரையே எழுப்பிக்கிட்டுப் போவார். நான் தூங்கவச்சிட்டு வருவேன்.” புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் இந்த நகைச்சுவை ஒரு முறை உண்டு. சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. பாதி சொல்லும்போதே கொட்டாவி வந்துவிடும்.

கையேட்டுக்காக ஒரு நாள் அவரிடம் பாடம் கேட்டேன். காகிதம் எடுக்கவில்லை, படம் போடவில்லை. “மூணே சங்கதி. கரன்ட் தெரியும்ல? அடுத்தது கிளாக். டிக் டிக்னு ஒரு துடிப்பு. அது இல்லாம சிப் ஒரு அடி எடுத்து வைக்காது. மூணாவது ரீசெட். ‘முதல்லேருந்து ஆரம்பி’ன்னு சட்டையைப் பிடிச்சு நிறுத்தி வைக்கிறது. பிடியை விட்டாத்தான் அது நடக்கும். எழுப்பும்போது முதல்ல கரன்ட், அப்புறம் கிளாக், கடைசியா பிடியை விடணும். தூங்கவைக்கும்போது அப்படியே தலைகீழ். இதுக்குத்தான் எனக்குச் சம்பளம். வெளிய சொல்லிடாதீங்க.”

அத்தோடு ஒரு எண்ணிக்கையும் உண்டு. சிப் வேண்டும் என்கிற ஒவ்வொரு நிரலும் கை தூக்க வேண்டும். வேலை முடிந்ததும் இறக்க வேண்டும். கடைசிக் கையும் இறங்கினால்தான் தூக்கம். தூக்கிய கையை ஒருவர் இறக்க மறந்துவிட்டால் சிப் விடிய விடிய முழித்திருக்கும், பேட்டரி காலி. இந்தப் புத்தி அவருக்கு வீடு வரைக்கும் போயிருக்கிறது. “ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடினா போதும், யாரு போட்டது, யாரு அணைக்கலன்னு விசாரணைக் கமிஷன் வச்சிடுவா” என்று கணவர் என்னிடம் ஒரு முறை புலம்பினார். மாலையில் அக்காவை அழைத்துப்போக அவர் வாசலில் நிற்கும்போது எனக்கும் அவருக்கும் இப்படி நாலு வார்த்தை பழக்கம்.

போன வருடம் மருத்துவமனைகளுக்காக ஒரு கருவி செய்தோம். நோயாளியைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது கூடவே போகிற சின்னப் பெட்டி. இதயத் துடிப்பு, மூச்சு எல்லாம் கோடுகளாக அதில் ஓடும். பழைய மாடலில் திரை எந்நேரமும் எரியும். புதியதில் பேட்டரி மிச்சம் பிடிக்க, நோயாளி சீராக இருந்தால் திரையும் அணைந்துகொள்ளும், தொட்டால் வரும். சோதித்துப் பார்க்க ஒரு மருத்துவமனைக்கு நாற்பது பெட்டிகள் கொடுத்தோம்.

இரண்டாவது மாதம் அங்கிருந்து ஒரு நர்ஸின் கடிதம் வந்தது. புகார் மாதிரியே இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். லிஃப்டுக்குள் திரையைத் தொட்டிருக்கிறார். வரவில்லை. பெட்டி தானாகவே அணைந்து மறுபடி கிளம்பிப் படம் வர நாற்பது நொடி ஆனது. ‘படம் வந்தபோது நான் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று வரை எண்ணியிருந்தேன்.’ அவ்வளவுதான் கடிதம். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளே கூட்டம் போட்டார்கள். நானும் இருந்தேன். மேலாளர் கேட்டார்: “சாஃப்ட்வேரா, போர்டா?”

அக்கா அன்று ரொம்பக் களைத்திருந்தார். அந்த வாரம் அது நான்காவது கூட்டம். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். “நான் எழுதின புரோகிராம் கோடு ஆறு வருஷமா ஓடுது சார். ஒரு எழுத்து மாறல. புதுசா வந்தது போர்டுதானே. அதைப் பாருங்க.”

எல்லாருடைய தலையும் ஒரே நேரத்தில் போர்டு அண்ணன் பக்கம் திரும்பியது. அவர்தான் ஆய்வகத்தில் போர்டுகளில், அதாவது மின்சுற்றுப் பலகைகளில், சிப்பைப் பற்றவைத்துச் சோதித்து அனுப்புகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். கூட்டத்தில் பேசத் தெரியாது. பேச வேண்டிய இடத்தில் சட்டைப் பையிலிருக்கும் பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அன்றும் பேனாவைத் தொட்டார். “சரி சார், பாக்குறேன்.”

ஒரு வாரத்தில் அவர் கையில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ‘பற்றவைப்பில் கவனக்குறைவு’ என்று அதில் அவர் பெயரோடு இருந்தது. நாற்பது போர்டுகளையும் வரவழைத்து மறுபடி பற்றவைக்கச் சொன்னார்கள். அடுத்து வரவிருந்த திட்டத்திலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் மாடிக்குத் தேநீருக்கு வருவதை நிறுத்திவிட்டார். கீழேயே ஏதோ குடித்துக்கொண்டார்.

மறுபடி பற்றவைத்த பெட்டிகள் முதலில் நான்கு போயின. அதில் ஒன்றின் திரை பத்தாம் நாள் அதே மாதிரி இருண்டுபோனது.

மேலாளர் வேறு யோசனை சொன்னார். “தூங்கவே விடாதீங்க மேடம். எப்பவும் முழிச்சே இருக்கட்டும். பிரச்சினை தீர்ந்துச்சு.”

“பேட்டரி ஆறு மணி நேரம் வர்றது ரெண்டரை மணி நேரமாயிடும் சார். அப்புறம் நாற்பது நொடி இல்ல, பாதி வழியில மொத்தமா படுத்துடும்.”

“ரெண்டு வாரம் தரேன். அதுக்கு மேல முடியாது.”

அந்த இரண்டு வாரமும் அக்கா தன் மேசையில் ஒரு பெட்டியைத் திறந்துபோட்டு, நாள் முழுக்கத் தூங்கவைத்து எழுப்பிக்கொண்டிருந்தார். அதற்கென்று ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தார். எத்தனையாவது முறை எழுந்தது என்று பெட்டியின் திரையிலேயே பெரிய எழுத்தில் எண் வரும். ஐந்நூறு. ஆயிரம். இரண்டாயிரம். ஒரு முறைகூடத் தவறவில்லை. தினமும் வாசலில் கணவர் கேட்பார், “இன்னிக்காவது மாட்டுச்சா?” இவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வண்டியில் ஏறுவார். கணவருக்கு அந்தச் சிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது எழாமல் போனால்தான் மனைவி சிரிப்பாள் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஒன்பதாவது நாள் மத்தியானம். மூன்று மணி இருக்கும். “இந்த நம்பர் கண்ணைக் குத்துது. தலை வலிக்குது” என்று சொல்லி, திரையில் எண் காட்டுவதை நிறுத்திவிட்டார். கணக்கு உள்ளுக்குள் ஓடட்டும் என்று திரையை இருட்டாக்கிவிட்டுக் கையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் போயிருக்கும். பெட்டியிலிருந்து ‘க்ளிக்’கென்று ஒரு சத்தம். தானாக அணைந்து மறுபடி கிளம்புகிற சத்தம்.

திரையை இருட்டாக்கிய பிறகு இருநூற்றுப் பன்னிரண்டாவது முறை. சிப் எழவில்லை.

அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்து தலையை மட்டும் நிமிர்த்தினார். பிறகு எனக்குச் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டார். “திரைக்கும் சிப்புக்கும் ஒரே கிளாக். நான் நம்பர் காட்டுனேன்ல, அதனால திரை முழிச்சே இருந்துச்சு. கிளாக் நிக்கவே இல்ல. பழைய மாடல்லயும் அப்படித்தான், திரை அணையவே அணையாது. ரெண்டும் சேர்ந்து தூங்கினாத்தான் கிளாக் உண்மையிலேயே நிக்கும். அப்போ எழுப்பும்போது...”

ஆறு வருடத்துக்கு முன்பு எழுதிய அந்தக் கோடை, நிரல் வரிகளை, கணினியில் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எழுப்புகிற பகுதி மொத்தமே பதினைந்து வரி. அதில் இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன. ரீசெட்டின் பிடியை விடுகிற வரி மேலே. கிளாக்கை ஓடவிடுகிற வரி கீழே. எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே அதற்கு நேர்மாறு. துடிப்பே இல்லாத நேரத்தில், ‘போ’ என்று சிப்பைத் தள்ளிவிட்டிருக்கிறது அந்தக் கோடு. பெரும்பாலும் அது எப்படியோ சமாளித்து எழுந்திருக்கிறது. எப்போதாவது பாதியில் நின்றுவிட்டது.

வரிகளுக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும். பெயர் அவருடையதுதான். அந்தத் தேதி என்ன கிழமை என்று நாட்காட்டியில் தேடினார்.

“செவ்வாய்க்கிழமை” என்றார். “அன்னிக்கு என்ன பண்ணிட்டிருந்தேன்னு ஞாபகமே வரல. பொண்ணுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சா, என்ன அவசரம்... எதுவுமே ஞாபகம் வரல. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை.”

வரிகளை மாற்ற ஒரு நிமிடம் ஆனது. துடிப்பு சீராகும்வரை கொஞ்சம் பொறுத்து அப்புறம் பிடியை விடும்படி இன்னும் ஒரு வரி சேர்த்தார். திரையை இருட்டாக்கியே மறுபடி ஓடவிட்டார். மூன்று நாளில் பத்தாயிரம் முறை. பத்தாயிரமும் எழுந்தது. பேட்டரியும் பழையபடி ஆறு மணி நேரம் வந்தது. அன்று வாசலில் கணவர் கேட்டபோது, “எழுந்திருச்சிடுச்சு” என்றார். முகத்தைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார்.

கோட்டை மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அது மருத்துவமனைக்கும் போகும், நிறுவனத்தில் எல்லாரும் படிப்பார்கள். அக்கா எழுதியதை மேலாளர் படித்துவிட்டு மேசைக்கே வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

“‘எழுப்பும் வரிசை சரிசெய்யப்பட்டது’ன்னு போட்டா போதாதா மேடம்? யாரோடதுன்னு எதுக்கு? நீங்க எழுதின கோடு இன்னும் எட்டு மெஷின்ல ஓடுது. இதைப் படிச்சா எல்லாத்தையும் திறந்து பாக்கச் சொல்வாங்க. அடுத்த வருஷம் உங்களுக்கு வர வேண்டிய பிரமோஷன் வேற இருக்கு.”

“போர்டுன்னு நினைச்சப்போ யாரோடதுன்னு எழுதினீங்கல்ல சார்?”

மேலாளர் எழுந்தார். நாற்காலியை இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

குறிப்பு அப்படியே போனது. கடைசி இரண்டு வரி எனக்கு மனப்பாடம். ‘இந்தப் பிழை என்னுடையது. போர்டில் எந்தக் குறையும் இல்லை. இருக்கிறது என்று சொன்னது நான்.’ மேலாளர் சொன்னது நடந்தது. எட்டு இயந்திரங்களின் கோட்டையும் வெளியாட்கள் வந்து வரி வரியாகப் படித்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரு மாதம் ஆனது. வேறு பிழை எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் அக்காவுக்கு வர வேண்டிய பிரமோஷன் வரவில்லை. போர்டு அண்ணனுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். திட்டத்தில் அவருடைய இடத்துக்கு ஏற்கெனவே வேறொருவர் வந்துவிட்டிருந்தார். அது அப்படியே இருந்தது.

குறிப்பு போன அன்றே அக்கா ஆய்வகத்துக்குக் கிளம்பினார். எனக்கும் அங்கே ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது, கூடவே போனேன். போர்டு அண்ணன் பூதக்கண்ணாடிக்குக் கீழே எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் அலமாரியில் முப்பத்தாறு போர்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பு ஸ்டிக்கர். ‘பற்றவைப்பு பழுது’ என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அவரையே எழுத வைத்திருக்கிறார்கள்.

“அண்ணா.”

நிமிர்ந்தார்.

“படிச்சீங்களா?”

“படிச்சேன்மா.”

“கூட்டத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு தடவை என் கோட்டைத் திறந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கணும். பாக்கல.”

பேனாவைத் தொட்டார். “விடுங்கம்மா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. வீட்டுக்குப் போயும் கையையே பாத்துட்டு இருந்தேன், நடுங்குதான்னு.” சொல்லிவிட்டு மறுபடி பூதக்கண்ணாடிக்குக் குனிந்துகொண்டார்.

இதற்கு அக்கா என்ன சொல்வார் என்று பார்த்தேன். அவர் மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து அலமாரிக்கு முன்னால் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் போர்டை எடுத்து மடியில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டினார். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. நகத்தை ஈரமாக்கிக்கொண்டு மறுபடி சுரண்டினார். கிழியாமல் முழுசாக வந்ததும் அதை உருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த போர்டுக்குக் கை நீட்டினார்.